வீட்டைப் பூட்டிட்டு ஒரு வாரம் வெளியூர்: ராத்திரி முழுக்க லைட் எரியணுமா?

கேடிசிநகர்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி கே.டி.சி. நகர்ல தனி வீடு. கீழ்த்தளம் மட்டும்தான், மேல தட்டட்டியும் (மொட்டை மாடி) படிக்கட்டு அறையும். காம்பவுண்டுச் சுவர் அஞ்சடி. மேற்கே வீடு இருக்கு, கிழக்கே காலி மனை, முழுக்க உடைமரம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே கல்லிடைக்குறிச்சியில தங்கிட்டு வர ஒரு வாரம் ஆகும். இப்ப சாயங்காலம் ஆறுல இருந்து காலை ஆறு வரைக்கும் வெளிய நாலு லைட் எரியுது. முன்வாசல்ல பழைய 40 வாட் டியூப், ரெண்டு பக்கமும் 9 வாட் எல்.இ.டி. பல்பு, பின்னால 50 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட். லைட் எரிஞ்சாத்தான் திருடன் வரமாட்டான்னு வீட்டுல பெரியவங்க சொல்லுதாங்க. கரண்ட் பில்லைப் பாத்தா எனக்கு அப்படித் தோணலை.

பக்கவாட்டு லைட் ஒண்ணுக்கு, சுவிட்சைக் கழட்டிட்டு அதே இடத்துல ஆள் நடமாட்ட சென்சார் ஒண்ணு மாட்டியாச்சு. ரெண்டு வயர்தான் அதுக்கு. ஆள் இல்லாதப்பவும் பல்பு மினுக்மினுக்னு எரியுது. இது ஏன்? கல்லிடைக்குறிச்சியில பெரியவங்களோட பழைய வீடும் பாதி வருசம் பூட்டித்தான் கிடக்கு. ஒரு பக்கம் முடுக்கு (குறுகின சந்து), பின்னால புறவாசல். ரெண்டுக்கும் சேர்த்து யோசனை சொல்லுங்க.

நெல்லை_வயர்மேன்:

அண்ணாச்சி, முதல்ல கணக்கு. பழைய டியூப்னா காப்பர் சோக்கும் சேர்த்து 50 வாட் கிட்ட இழுக்கும். 12 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். பின்னால உள்ள ஃப்ளட்டுக்கும் அதே 0.6. ரெண்டு 9 வாட் பல்புக்கும் சேர்த்து 0.22. ஆக ராத்திரிக்கு 1.4 யூனிட், ரெண்டு மாசப் பில்லுக்கு 85 யூனிட். வீட்டு இணைப்புக்கு இலவசமாக் கிடைக்கிற முதல் 100 யூனிட்ல பெரும்பங்கு வாசல் லைட்டுக்கே போயிருது.

காசை விடுங்க. விடிய விடிய ஒரே மாதிரி எரியுற லைட்டை அக்கம்பக்கத்துல யாரும் ஏறிட்டுப் பாக்கமாட்டாங்க, கண்ணு பழகிப்போவும். இருட்டாக் கிடந்த இடம் திடீர்னு பளிச்சுன்னு ஆனா மேற்கு வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பாப்பாரு. வந்தவனுக்கும் தன்னை யாரோ பாத்துட்டாங்கன்னு படும். சென்சார் லைட்டுக்கு மதிப்பு அதுலதான். நீங்க ஊருக்குப் போன பிறகு காலையில பதினோரு மணிக்கும் வாசல் லைட் எரிஞ்சா, ஆள் இல்லைன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரி.

மினுக்குறதுக்குக் காரணம் அந்த ரெண்டு வயர் சென்சார். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) இல்லாததால, தான் உயிரோட இருக்கத் தேவையான சின்னக் கரண்டை அது பல்பு வழியாத்தான் இழுக்கணும். அந்தக் காலத்துக் குண்டு பல்புக்கு அது தெரியாது. எல்.இ.டி. டிரைவர்ல (பல்புக்குள்ள இருக்கிற சின்ன சர்க்யூட்) அந்தக் கசிவு கொஞ்சம் கொஞ்சமாச் சேர்ந்து, ஒரு அளவு வந்ததும் பல்பு சிமிட்டும், திரும்பவும் சேரும். மூணு வயர் சென்சார் வாங்குங்க: உள்ள வாற பேஸ் (கரண்ட் வாற வயர்), நியூட்ரல், பல்புக்குப் போற லைன். பெரும்பாலும் பிரவுன், நீலம், சிவப்புன்னு வரும். ஆனா கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவுல போட்டிருக்கிற படத்தைப் பாத்து மாட்டுங்க. சுவிட்சுப் பெட்டியில நியூட்ரல் இருக்காது, அதனால பல்பு இருக்கிற இடத்துல மாட்டுறதுதான் சுளுவு. சுவிட்சை ஆனாக்கி வச்சாப் போதும். இன்னொரு சுவிட்சை சென்சாருக்குக் குறுக்கே போட்டு படுக்கை அறைக்குக் கொண்டு வந்துட்டா, சத்தம் கேட்டா உள்ள இருந்தே எல்லா லைட்டையும் எரிய விடலாம். வயர் செலவு மட்டும்தான்.

மாட்டுற இடத்துலதான் பாதிப் பேரு கோட்டை விடுதாங்க. சென்சார் பாக்குறது உடம்புச் சூட்டோட நகர்வை. நேரா அதைப் பாத்து நடந்து வாறவனை லேட்டாத்தான் பிடிக்கும், குறுக்கே கடந்து போறவனை உடனே பிடிக்கும். அதனால பாதையைப் பாத்து மாட்டாம, பாதைக்குக் குறுக்கே பாக்குற மாதிரி சுவர்ல மாட்டணும். உயரம் ஏழுல இருந்து எட்டடி. அதுக்கு மேல போனா சுவரை ஒட்டி வாறவன் தப்பிருவான். ஏ.சி. வெளி யூனிட்டுக்கு எதிர்ல வேண்டாம். துணி காயப்போடுற கொடி, வாழை, தாழ்ந்த தென்னை ஓலை இருக்கிற பக்கமும் வேண்டாம். உங்க பயணம் ஆடியில. கச்சான் காத்து அடிக்கிற அடியில வெயில் குடிச்ச இலை ஆடினாலே லைட் எரியும். ராத்திரிக்கு அம்பது தடவை எரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரர் அதையும் பாக்குறதை விட்டுருவாரு. அந்தப் பக்கத்தை மட்டும் மறைக்கணும்னா லென்சோட அந்த ஓரத்துல கருப்பு இன்சுலேசன் டேப்பை ஒட்டுங்க. காலி மனைப் பக்கம் இதைக் கட்டாயம் செய்யணும்.

அடியில மூணு திருகு இருக்கும். சோதிக்கும்போது பகல்லயும் வேலை செய்யுற மாதிரி லக்ஸை (எவ்வளவு இருட்டினா வேலை செய்யணும்ங்கிற திருகு) சூரியன் படத்துக்கும், டைமைக் குறைஞ்ச அளவுக்கும் வச்சு, நடந்து நடந்து பாத்து கோணத்தைச் சரி பண்ணுங்க. பிறகு லக்ஸைப் பிறை படத்துக்குத் திருப்பி, டைமை ஒரு நிமிசத்துல இருந்து ஒன்றரை நிமிசத்துக்குள்ள வச்சிருங்க. தெரு விளக்கு வெளிச்சமோ அந்த லைட்டோட வெளிச்சமோ சென்சார் மேல நேரா விழுந்தா, பகல்னு நினைச்சு அது வேலையே செய்யாது. கரண்ட் போயிட்டு வந்ததும் அரை நிமிசம், ஒரு நிமிசம் தானா எரியும். அது பழுது இல்லை.

டப்பாவுல 1200 வாட்னு போட்டிருக்கிறது குண்டு பல்புக்கு. எல்.இ.டி.க்கு அதுல கால்வாசின்னு வச்சிக்கிடுங்க. ஆன் ஆகுற நொடியில எல்.இ.டி. டிரைவர் இழுக்கிற இழுப்புல உள்ள இருக்கிற ரிலே (கரண்டை இணைச்சுப் பிரிக்கிற சின்ன சுவிட்சு) ஒட்டிக்கிடும். பிறகு லைட் அணையவே அணையாது.

உங்க வீட்டுக்கு: முன்வாசல் டியூபைக் கழட்டிட்டு 9 வாட் பல்பு, டைமர்ல ஆறுல இருந்து பத்தரை வரைக்கும். ரெண்டு பக்கமும் பின்னாலயும் 10 வாட்டு லைட்டு, ஆளுக்கொரு சென்சார். 50 வாட் ஃப்ளட் வேண்டவே வேண்டாம். கண்ணு கூசுற லைட்டுக்குப் பின்னால நிக்கிறவனை யாருக்கும் தெரியாது, நிழலும் கன்னங்கரேல்னு விழும். சென்சார் சும்மா நிக்கிறதுக்கு அரை வாட்னு வச்சா, மூணுக்கும் ரெண்டு மாசத்துக்கு 2 யூனிட். தினம் மொத்தம் இருபது நிமிசம் எரிஞ்சாலும் அதுல அரை யூனிட்டு சொச்சம். முன்வாசலுக்கு இரண்டரை. 85 போயி 5 யூனிட்டுல முடிஞ்சிரும்.

பேட்டை_பட்டறை:

லைட்டெல்லாம் சரி. கதவு நிக்கணும்லா? கதவு அஞ்சு நிமிசம் தாக்குப் பிடிச்சாத்தான் லைட்டைப் பாத்து யாராவது வர முடியும். கதவுக்கு ஒரு யூனிட் கரண்டும் வேண்டாம்.

முன்கதவுக்கு ஆயிரக்கணக்குல செலவழிச்சு தேக்குல போடுவாங்க. தட்டட்டிக் கதவு தகரம் அடிச்சது, இல்லைன்னா பிளைவுட். புறவாசல்ல பி.வி.சி. திருடனுக்கு முன்வாசல்ல என்ன வேலை? மழைத்தண்ணி குழாய், சன்சேடு, மதில்ல சாஞ்ச மரக்கிளை, பக்கத்துல கட்டடம் கட்டுற சாரம், எதுலயாவது தட்டட்டிக்கு ஏறிருவான். மேல ஏறிட்டா ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், நிதானமா வேலை பாப்பான். அதனால அண்ணாச்சி மொதல்ல மேல போயிப் பாருங்க.

தட்டட்டிக் கதவு வெளிப்பக்கமாத் திறக்கும், அப்பத்தான் மழைத்தண்ணி உள்ள வராது. அப்படின்னா கீல் வெளிய இருக்கும். கீல் ஆணியைத் தட்டி எடுத்துட்டா பூட்டு பூட்டினபடியே இருக்கக் கதவு கையோட வந்துரும். இரும்புக் கதவா இருந்தா கீல் ஆணியோட ரெண்டு முனையையும் வெல்டு வச்சிருங்க. மரக்கதவுன்னா, கீல் பக்கத்துப் பலகை ஓரத்துல மேலயும் கீழயும் 10 மி.மீ. கம்பித் துண்டை அரை அங்குலம் நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி அடிச்சு, நிலையில அதுக்கு நேரா ஓட்டை போடுங்க. கதவைச் சாத்தினா கம்பி நிலைக்குள்ள போயிரும். பிறகு கீலை எடுத்தாலும் கதவு அசையாது.

உள்ள அலுமினியத் தாழ்ப்பாள் இருந்தா இன்னைக்கே கழட்டுங்க, ஒரு எத்துக்கு நிக்காது. குறுக்குப் பட்டைதான் சரி. 40க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டை, நிலைக்கு ரெண்டு பக்கமும் அரையடி நீளுற நீளத்துக்கு. சுவர்ல ரெண்டு கொக்கி, அதுல பட்டையைத் தூக்கி வைக்கணும். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதுன்னா, பட்டையைக் கதவோட போல்ட் நட்டு போட்டு இணைக்கணும். இல்லைன்னா வெளிய இருந்து இழுக்கும்போது பட்டை சும்மா இருக்கும், கதவு தனியா வந்துரும். இது தெரியாம மாட்டிட்டுப் போறவங்க நிறைய.

கொக்கிக்கு புதுக் கட்டடத்துல 10 மி.மீ. ஆங்கர் போல்ட் 100 மி.மீ. நீளத்துல போட்டாப் போதும். கல்லிடைக்குறிச்சி வீட்டுல அதைப் போட்டுறாதீங்க. சுண்ணாம்புக் காரைச் சுவர் விரியுற போல்ட்டைத் தாங்காது, செங்கலோட பெயர்ந்து வரும். அங்க சுவரோட மறுபக்கம் வரைக்கும் ஓட்டை போட்டு, ரெண்டு பக்கமும் 6 மி.மீ. தகடு வச்சு நட்டை இறுக்கணும். இல்லைன்னா கெமிக்கல் ஆங்கர் (பசை ஊத்திப் பிடிக்க வைக்கிற போல்ட்). அந்தப் பழைய கதவும் நிலையும் நல்லாத்தான் இருக்கும், மாத்தணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பூட்டு மாட்டுற நாதாங்கியையும் கொண்டியையும் மட்டும் பாருங்க. திருகாணியில நிக்குதுன்னா கடப்பாரை முனையில ஒரு நெம்பு, அவ்வளவுதான். 8 மி.மீ. போல்ட்டைக் கதவுக்குள்ள முழுசா ஓட விட்டு உள்பக்கம் நட்டு போடுங்க. திண்டுக்கல் பூட்டு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் நாதாங்கி பிஞ்சுட்டா அது தரையில கிடக்கும், உடையாமலே.

கிரில் கேட்டுல பூட்டு வெளிய தொங்கினா ரெண்டு கெடுதல். ஆள் இல்லைன்னு தெருவுக்கே தெரியுது, கட்டர் வைக்கவும் வசதி. 3 மி.மீ. தகட்டுல ஒரு பெட்டி மடிச்சு வெல்டு வச்சு, அடியில கை நுழையுற அளவுக்கு மட்டும் வழி விடுங்க. பூட்டு அதுக்குள்ள இருக்கும், வெளிய இருந்து பாத்தா பூட்டியிருக்கா இல்லையான்னு தெரியாது. பூட்டுக்குள்ள தேங்காயெண்ணெய் விடுறதை நிறுத்துங்க. நம்மூருத் தூசியில பிசினாப் பிடிச்சிரும். கிராபைட் பொடி போதும்.

சன்னல் கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல இருந்தா குறுக்கே ஒரு பட்டை கூட அடிங்க.

தச்சை_தம்பி:

ஒரு சந்தேகம். மதில் மேல கம்பி கட்டி லேசா கரண்ட் விட்டா என்ன?

நெல்லை_வயர்மேன்:

தம்பி, லேசா கரண்ட்னு ஒண்ணு கிடையாது. வீட்டு லைன் 230 வோல்ட். மழையில நனைஞ்ச கையில பட்டா எடுக்க முடியாமப் பிடிச்சிக்கிடும். பந்து எடுக்க ஏறுற பிள்ளைகளுக்கும் அதே கம்பிதான், மீட்டர் கணக்கு எடுக்க வாறவருக்கும் அதே கம்பிதான். குற்றம் அது, ஆள் செத்தா வழக்கு கம்பி கட்டினவர் மேலதான். இந்தப் பேச்சு வேண்டாம்.

அம்பை_வளவு:

தம்பி, இவங்க சொன்னதை எல்லாம் செய்யுங்க. ஆனா திருடன் ராத்திரி வந்துதான் வீட்டைப் பாப்பான்னு நினைக்காதீங்க. பகல்ல ரெண்டு நாளு சும்மா தெருவுல நடந்தாலே போதும் அவனுக்கு. நம்ம ஊர்ல மொதல்ல காட்டிக்கொடுக்கிறது வாசல்தான். தெருவுல எல்லா வீட்டுலயும் தண்ணி தெளிச்சுக் கோலம் கிடக்கும்போது ஒரு வாசல் மட்டும் காஞ்சு கிடந்தா, அதுக்கு மேல அவன் என்னத்தை விசாரிக்கணும்? மேற்கு வீட்டு அம்மாகிட்ட சொல்லி ஒரு வாளித் தண்ணியும் நாலு புள்ளிக் கோலமும் போடச் சொல்லுங்க. முடியலைன்னா பெருக்கியாவது விடச் சொல்லுங்க. திரும்பி வரும்போது நல்ல அல்வாவா வாங்கிக் குடுத்தாப் போச்சு.

பாலையும் பேப்பரையும் நிறுத்துங்க. நிறுத்தச் சொல்லும்போது "ஊருக்குப் போறோம்"னு காரணம் சொல்ல வேண்டாம், "ஒரு வாரம் வேண்டாம்"னாப் போதும். கேட்டுக் கம்பியில சொருகிட்டுப் போற நோட்டீசைப் பக்கத்து வீட்டுல எடுத்துறணும். கோயில்ல எடுத்த படத்தைத் திரும்பி வந்த பிறகு போடுங்க, அய்யனார் கோவிச்சுக்கிட மாட்டாரு.

உள்ள ஒரு லைட்டாவது எரியணும். ஆனா எப்பவும் ஒரே மாதிரி எரியக் கூடாது. வீட்டுல ஆள் இருந்தா ஏழரைக்கு சமையல்கட்டு, ஒன்பதுக்குப் படுக்கை அறை, பத்தரைக்கு இருட்டு. அதே மாதிரி ரெண்டு டைமர் பிளக்கு போடுங்க. 9 வாட் பல்பு தினம் மூணு மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கே ஒன்றரை யூனிட்டுதான். பல் சக்கரம் மாதிரி வட்டமாச் சுத்துற டைமர் விலை குறைவு. ஆனா கரண்ட் போனா அதுவும் நின்னுரும். தினம் ஒரு மணி நேரம் கரண்ட் போனா ஒரு வாரத்துல ஏழு மணி நேரம் பின்தங்கி, விடியக்காலை ரெண்டரை மணிக்கு சமையல்கட்டு லைட் எரியும். உள்ள சின்ன பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமர் வாங்குங்க. நேரத்தைத் தானா கொஞ்சம் முன்னபின்ன மாத்துற வசதியும் சிலதுல உண்டு, அது இருந்தா நல்லது. லைட் நேரா தெரியக் கூடாது, திரைக்குப் பின்னால மங்கலாத் தெரியணும். திரை இல்லாத சன்னல்ல லைட் எரிஞ்சா, உள்ள ஆள் இல்லைங்கிறதையும் சேர்த்தே காட்டிரும்.

அதே டைமர்ல ஒரு சின்ன ரேடியோ. பாட்டு வேண்டாம், பேச்சு வாற நிலையத்தை வைங்க. சத்தம் கதவு வரைக்கும் கேட்டாப் போதும், வார்த்தை புரியக் கூடாது.

சாவியைப் பூந்தொட்டி அடியிலயும் மீட்டர் பெட்டியிலயும் வைக்காதீங்க. பீரோவைப் பூட்டி அந்தச் சாவியைப் பீரோ மேலயே வைக்கிற பழக்கம் இன்னும் போகலை. நகையை வங்கி லாக்கர்ல வச்சுட்டு, பீரோவைப் பூட்டாம விட்டாலும் சரிதான். பூட்டினா அதையும் உடைச்சுட்டுப் போவான், தச்சுக்கூலி வேற.

கேடிசிநகர்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கீல் விசயம் இது வரைக்கும் யாரும் சொன்னதில்லை, பட்டறைக்குப் போறேன். இன்னும் ரெண்டு கேள்வி. ஊருக்குப் போகும்போது மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போறதுதான் வழக்கம், இன்வர்ட்டர் மட்டும் ஆன்ல இருக்கும். அப்படியே செய்யலாமா? கேமரா நாலு மாட்டச் சொல்லுதாங்க, அது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

பாளை_கேமரா:

மெயினை ஆஃப் செய்தால் இன்வர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பயன்படுத்தத் தக்கது சுமார் 1000 முதல் 1200 வாட்-மணி. நாலு கேமரா, டி.வி.ஆர். (படத்தைப் பதியும் பெட்டி), ரூட்டர் சேர்ந்து 38 வாட், இன்வர்ட்டர் தன் தேவைக்கு 15 வாட் என்று வைத்தால் மொத்தம் 53 வாட். இருபது மணி நேரத்தில் காலி. காலையில் கிளம்பினால், மறுநாள் விடியும் முன்பே வீட்டில் கேமரா நின்றுவிடும். அந்த பேட்டரி ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும்.

மெயினைத் தொடாதீர்கள். டி.பி. பெட்டியில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) ஹீட்டர், ஏ.சி., மோட்டார், சமையலறை பிளக் ஆகியவற்றின் எம்.சி.பி.யை (அந்தந்த லைனின் சுவிட்சு) மட்டும் இறக்குங்கள். டி.வி. செட்டாப் பெட்டியைப் பிளக்கோடு கழற்றுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் அது 8 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும், நாளுக்கு 0.19 யூனிட். வயர்மேன் சொன்ன வெளி லைட்டுகள் எல்லாம் சேர்ந்தே நாளுக்கு 0.09 யூனிட்தான். பிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். போகும் முன் பேட்டரித் தண்ணீர் அளவையும் பார்த்துவிடுங்கள்.

கேமராதான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் இழுப்பது. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது ஒரு கேமரா 4 வாட், ஹார்டு டிஸ்க்கோடு டி.வி.ஆர். 12 வாட் அளவில். நாலு கேமரா என்றால் 28 வாட், ரெண்டு மாதத்துக்கு 40 யூனிட். அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் கரண்ட் குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையாது. கேமராவும் டி.வி.ஆரும் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மிச்சமாவது டிஸ்க் இடம் மட்டுமே. உங்கள் வீட்டுக்கு ரெண்டு போதும்: ஒன்று முன்கேட், இன்னொன்று தட்டட்டிப் படிக்கட்டுக் கதவு. ஒரு கேமரா 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜி.பி. ரெண்டுக்கும் ஒரு டெராபைட் டிஸ்க் இருபது நாளுக்கு மேல் வரும்.

கேமராவை முகம் தெரியும் உயரத்தில் வையுங்கள், எட்டடிக்குள். பன்னிரண்டு அடியில் மாட்டினால் தொப்பி மட்டும்தான் பதியும். அகச்சிவப்பு விளக்கின் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒரு நூல் வலை இருந்தாலே இரவில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும், அசைவு எச்சரிக்கை விடாமல் அடிக்கும். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஒரு துடைப்பு துடைத்துவிட்டுப் போங்கள். டி.வி.ஆரை டி.வி.க்குக் கீழே வைக்காதீர்கள், திருடன் அதைத்தான் முதலில் கழற்றுவான். பரணில் காற்றோட்டம் உள்ள மூலையில் வையுங்கள். கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடவே கூடாது.

பல்பு, கேமரா எல்லாவற்றையும் விட ஒரு விஷயம் முக்கியம்: பார்த்தால் யார் ஓடி வருவார்கள்? போனில் எச்சரிக்கை வந்து, காரையாறில் சிக்னல் இல்லாமல் நீங்கள் அதை மறுநாள் பார்த்தால் என்ன பயன்? எச்சரிக்கை மேற்கு வீட்டுக்காரர் போனுக்கும் போகும்படி அமையுங்கள். ஊருக்குப் போகும் தேதியையும் தொடர்பு எண்ணையும் எழுதி உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டால் இரவு ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112.

நெல்லை_வயர்மேன்:

கேமரா தம்பி சொன்னதோட ஒண்ணு. வெளி லைட்டுக்குள்ள சாரல் தண்ணி இறங்கினா இ.எல்.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்சு) விழுந்துரும். அது வீடு முழுக்க ஒண்ணே ஒண்ணா இருந்தா கேமரா, ரூட்டர், உள் லைட் எல்லாம் சேர்ந்தே போயிரும், தூக்கிவிட ஆள் இருக்காது. இன்வர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். வெளி லைட்டுகளுக்குத் தனியா ஒரு ஆர்.சி.பி.ஓ. (ஒரு லைனுக்கு மட்டும் அதே வேலை செய்யுற சுவிட்சு) போட்டுருங்க. அது மட்டும் விழும், மத்தது ஓடும். லைட் ஐ.பி. 65 (தூசி, தண்ணி உள்ள போகாத தரம்) இருக்கட்டும். வயரைக் கீழ்ப்பக்கமா ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ள கொண்டு போங்க, அப்பத்தான் தண்ணி வயர் வழியா உள்ள ஓடாம சொட்டிரும்.

வள்ளியூர்_வெயில்:

கல்லிடைக்குறிச்சி வீட்டுப் புறவாசலுக்கு வயர் இழுக்கவே வேண்டாம், சோலார் சென்சார் லைட் போதும். ஆனா மோடு பாத்து வைக்கணும். பெரும்பாலானதுல மூணு மோடு இருக்கும். ராத்திரி முழுக்க மங்கலா எரிஞ்சு ஆள் வந்தா பளிச்சுன்னு ஆகுறதைத்தான் எல்லாரும் வைக்காங்க, பாக்க அழகா இருக்கும். கணக்குப் பாருங்க: ஒன்றரை வாட் பேனல், நல்ல வெயில் அஞ்சு மணி நேரம், இழப்பு போகக் கையில கிடைக்கிறது 4.5 வாட்-மணி. மங்கலா 1 வாட்ல 12 மணி நேரம் எரிஞ்சாலே 12 வேணும். பத்து மணிக்கெல்லாம் பேட்டரி காலி, திருடன் வாற நேரத்துல லைட் செத்துக் கிடக்கும். ஆள் வந்தா மட்டும் எரியுற மோடுல 8 வாட் லைட் 30 நொடி வீதம் நாற்பது தடவை எரிஞ்சாலும் 2.7 வாட்-மணிதான். மிச்சமே இருக்கும்.

பேனல் தெற்கே பாத்து, பத்து டிகிரி சாய்வுல இருந்தாப் போதும், நம்ம ஊரு நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட. சுவரோட ஒட்டி நட்டுக்குத்தலா வைக்கிற லைட் வேண்டாம், பேனல் தனியா வயர்ல வாறதை வாங்கி ஓட்டு மேல வைங்க. முடுக்குக்குள்ள வெயில் ஒரு மணி நேரம் கூட விழாது. ஐப்பசி, கார்த்திகையில மேகமூட்டத்துல பாதிதான் சார்ஜ் ஏறும். சூட்டுல லித்தியம் பேட்டரி ரெண்டு மூணு வருசத்துல தளந்துரும், அதனால பேட்டரி மாத்துற மாதிரி திருகு போட்ட டப்பாவா பாத்து வாங்குங்க. 1000 வாட்னு போட்டிருந்தா அந்தக் கடையை விட்டு வந்துருங்க.

கேடிசிநகர்_வாசி:

பழைய வீட்டுல இன்டர்நெட் கிடையாது. கதவு திறந்தா போன் வாற மாதிரி சிம் போடுற சைரன் ஒண்ணு வச்சாச் சரியா வருமா?

பாளை_கேமரா:

வரும். கதவுக்குக் காந்த சென்சார், நடையில் ஒரு அசைவு சென்சார், 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, சைரன். பெட்டி சும்மா இருக்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்றால், கரண்ட் இல்லாமலே நாலு நாள் தாராளமாக நிற்கும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒரு செ.மீ.க்குள் இருக்கட்டும். பழைய மரக்கதவு மழைக்காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும், இடைவெளி கூடினால் நடுராத்திரியில் சும்மா கத்தும்.

விலை குறைந்த பெட்டிகள் 2ஜி-யில் மட்டும் வேலை செய்பவை. ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே எடுக்காது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். இதில் அந்தத் தெருவில் எது எடுக்கிறதோ அது. 4ஜி பெட்டி என்றால் எதுவும் போடலாம். ரீசார்ஜ் முடிந்தால் வெளியே போகும் அழைப்பு நின்றுவிடும், பெட்டி அதைச் சொல்லாது. நீண்ட நாள் திட்டம் போட்டு, மாதம் ஒரு முறை அந்த எண்ணுக்கு நீங்களே போன் செய்து பாருங்கள். சிம்மின் PIN எண் பூட்டை எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் பெட்டியால் அதைத் திறக்க முடியாது. முதல் எண்ணாகப் பக்கத்து வீட்டு எண்ணைப் பதியுங்கள், இரண்டாவது உங்களுடையது.